எழும்பூர் கிர்க்: உறைகிணறுகள் தாங்கும் ஸ்காட்லாந்து தேவாலயம்

தெற்கிலிருந்து வரும் ரயில்கள் எழும்பூர் நிலையத்துக்குள் நுழையும் நேரத்தில் பெட்டிக்குள் எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள். மேல் படுக்கையில் இருக்கும் பையை இறக்குவது, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வது, ஆட்டோவா மெட்ரோவா என்று முடிவு செய்வது. இந்த அவசரத்தில் நிலையத்தின் பின்பக்கம் மரங்களுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு வெள்ளைக் கோபுரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும், "ஏதோ பழைய சர்ச்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் அந்தத் தேவாலயத்தின் பெயர் புனித அந்திரேயா ஆலயம். ஆனால் சென்னையில் அதை 'கிர்க்' என்று சொன்னால்தான் தெரியும். ஸ்காட்லாந்து மக்களின் பேச்சில் 'கிர்க்' என்றால் சர்ச். 1821-ல் திறக்கப்பட்ட இந்த ஆலயத்துக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. கட்டியவர்களின் நாட்டவர் இங்கிருந்து போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அவர்கள் வைத்த பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தியாவின் அழகான தேவாலயங்களில் ஒன்று என்பதற்காகவே இதைப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சபையின் கதையில் கட்டடம் பாதிதான். மீதிப் பாதி எழும்பூருக்கு வெளியே, பாரிமுனையிலும் தாம்பரத்திலும் ராயபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிடக்கிறது.

பேராயர் இல்லாத சபை

முதலில், பிரஸ்பிட்டேரியன் என்றால் யார்?

'பிரஸ்பிட்டர்' என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூப்பர் என்று பொருள். 1560-ல் ஜான் நாக்ஸ் போன்றவர்களின் முயற்சியால் ஸ்காட்லாந்து, ரோமின் அதிகாரத்திலிருந்து விலகியது. அதன் பிறகு நீண்ட போராட்டங்களுக்குப் பின் அங்கே நிலைபெற்றது பேராயர்கள் இல்லாத ஒரு சபை. போதகரும், சபையார் நடுவிலிருந்து வரும் மூப்பர்களும் ஒன்றாக உட்கார்ந்து நிர்வாகம் செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'கிர்க் செஷன்' என்று பெயர். அதற்கு மேலே வட்டார அமைப்பு, அதற்கும் மேலே நாடு முழுமைக்குமான பொதுச் சபை. எங்கேயும் தனி மனிதர் ஒருவரின் கையில் முழு அதிகாரம் இருக்காது. ஏறக்குறைய நம் ஊர்ப் பஞ்சாயத்து போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆராதனையும் எளிமையானது. பெரிய சடங்குகள் இல்லை. வேத வாசிப்பு, சங்கீதம், நீண்ட பிரசங்கம். பிள்ளைகள் எல்லோரும் வேதத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு சபையோடும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்பது நாக்ஸ் காலத்திலிருந்தே அவர்களுடைய கனவு. சென்னைக் கதைக்கு இந்தப் பள்ளிக்கூடக் கனவு முக்கியம்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். ராணுவத்தில், அலுவலகங்களில், வியாபாரத்தில் எங்கு பார்த்தாலும் அவர்கள்தான். பின்னி கம்பெனியின் பெயருக்குக் காரணமான ஜான் பின்னி ஒரு ஸ்காட்லாந்துக்காரர். நம் ஊர்களில் இன்றும் மரியாதையாகப் பேசப்படும் தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் பிறந்தவர். ஆனால் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருந்த குருமார்கள் இங்கிலாந்துச் சபையைச் சேர்ந்த ஆங்கிலிகன்கள். 1813-ல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோதுதான் நிலைமை மாறியது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ராஜதானிகளுக்கும் ஸ்காட்லாந்துச் சபைப் போதகர்கள் அனுப்பப்பட்டார்கள். மூன்று ஊர்களிலும் அடுத்தடுத்து ஆலயங்கள் எழுந்தன. மூன்றுக்கும் ஒரே பெயர்: புனித அந்திரேயா. இயேசுவின் சீடரான மீனவர் அந்திரேயாதான் ஸ்காட்லாந்தின் காவல் புனிதர்.

ஆங்கிலிகன்களுக்கும் இவர்களுக்கும் அந்தக் காலத்தில் ஒரு செல்லச் சண்டை உண்டு. கல்கத்தாவில் ஸ்காட்லாந்து ஆலயத்துக்கு ஊசிக் கோபுரம் கூடாது என்று ஆங்கிலிகன் பேராயர் மறுப்புச் சொன்னதாகவும், அங்கிருந்த போதகர் ரோஷப்பட்டு, கோபுரத்தை உயர்த்தியதோடு நில்லாமல் அதன் உச்சியில் ஒரு சேவலையும் வைத்துவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். சென்னையில் சேவல் சண்டை இல்லை. ஆனால் கிர்க்கின் கோபுரம் சுமார் 166 அடி. கதீட்ரல் சாலையில் இருக்கும் ஆங்கிலிகன்களின் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலைவிட ஒரு கை உயரம்தான்!

சேற்றில் இறக்கிய கிணறுகள்

1818 ஏப்ரல் 6-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். கட்டும் பொறுப்பு மேஜர் தாமஸ் ஃபியோட் டி ஹாவிலாண்ட் கைக்கு வந்தது. இவர் ஸ்காட்லாந்துக்காரர் அல்ல. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இருக்கும் குவெர்ன்சி தீவில் பிறந்தவர், கம்பெனியின் பொறியாளர்.

கொஞ்சம் பிடிவாதக்காரர் என்றும் தெரிகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, தூணே இல்லாமல் செங்கல்லால் மிக நீளமான, தட்டையான வளைவு ஒன்றைக் கட்டலாம் என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. தன் வீட்டுத் தோட்டத்திலேயே நூறு அடிக்கு மேல் நீளமான வளைவு ஒன்றைக் கட்டிக் காட்டினார் என்பார்கள். நூறாண்டுகளுக்கு மேல் நின்ற அந்த வளைவு 1937-ல்தான் விழுந்தது.

எழும்பூரில் அவருக்கு வந்த சோதனை வேறு. இடம் தாழ்வானது. தோண்டினால் தண்ணீர், அதற்குக் கீழே இளகிய மண். அவர் போட்டிருந்த திட்டமோ கனமான வட்டக் கூடம், அதன் மேல் பெரிய குவிமாடம், பக்கத்தில் வானளாவிய கோபுரம். சாதாரண அடித்தளம் போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

டி ஹாவிலாண்ட் உள்ளூர் வேலையாட்களின் கைத்திறனை நம்பினார். உறைகிணறு தெரியாத தமிழர் உண்டா? மணற்பாங்கான இடத்தில் வட்ட வட்டமாக உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட உறை தானாகக் கீழே இறங்கும். கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழாய்வில் கிடைத்த அதே முறை. கட்டடங்களுக்கு அடித்தளமாகக் கிணறுகளை இறக்குவதும் இந்தியாவில் பழைய வழக்கம்தான். யமுனைக் கரையில் தாஜ்மகாலைத் தாங்குவதும் இப்படிப்பட்ட கிணறுகளே.

கிர்க்குக்காக நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிணறுகள் இறக்கப்பட்டன. மண்ணின் தன்மையைப் பொறுத்து சில ஆழம் குறைவு, சில 50 அடி வரை. உறுதியான மண் தட்டும் வரை இறக்கி, உள்ளே நிரப்பி இறுக்கி, அவற்றின் மேல் ஆலயத்தை எழுப்பினார்கள். கிணறு தோண்டிய கைகளின் பெயர்களை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆனால் இருநூறு ஆண்டு மழை வெள்ளத்தைத் தாண்டி 166 அடிக் கோபுரம் சாயாமல் நிற்பது அவர்களால்தான்.

1821 பிப்ரவரி 25-ம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் திறக்கப்பட்டது. அப்போது சென்னையின் கவர்னர் தாமஸ் மன்றோ.

குவிமாடத்துக்குள் ஒரு வானம்

வெளியே இருந்து பார்த்தால் லண்டனில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் தங்கை போலத் தெரியும். ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அந்த ஆலயம்தான் இதற்கு முன்மாதிரி. கிப்ஸும் ஸ்காட்லாந்துக்காரர்தான். முகப்பில் பெரிய தூண்கள், மேலே முக்கோண முகடு, அதற்குப் பின்னால் அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் கோபுரம்.

உள்ளே நுழைந்ததும்தான் ஆச்சரியம். நீளமான கூடத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு வட்டமான கூடம் விரிகிறது. 16 தூண்கள் வட்டமாக நிற்கின்றன. மேலே இலைக் கொத்து வேலைப்பாடு கொண்ட தலைப்பகுதி. அவற்றின் மேல் 51 அடிக்கும் சற்று அதிகமான குறுக்களவில் குவிமாடம். அதன் உட்புறம் ஆழ்ந்த நீலம். அதில் பொன் நிற நட்சத்திரங்கள். ஸ்காட்லாந்தின் இரவு வானம் அது என்று சொல்வார்கள். வைகாசி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த யாரோ ஒரு சிப்பாய், பிரசங்கத்துக்கு நடுவே அண்ணாந்து பார்த்து ஊரை நினைத்துக்கொண்டிருப்பான்.

வட்ட வடிவம் இவர்களுடைய ஆராதனைக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஊர்வலமாக நடந்து போக நீண்ட பாதை தேவையில்லை. போதகரின் குரலைச் சுற்றி எல்லோரும் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தூண்களைத் தொட்டுப் பார்ப்பவர்கள் பளிங்கு என்றே நினைப்பார்கள். அது சென்னையின் புகழ்பெற்ற சுண்ணாம்புப் பூச்சு. கடல் சிப்பிகளைச் சுட்டுக் கிடைக்கும் சுண்ணாம்பை நாள் கணக்கில் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தயிர் போன்றவற்றைச் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மினுமினுப்பு புதிதல்ல. வரைந்தது ஐரோப்பிய வடிவம், பூசியது நம் ஊர்க் கொத்தனாரின் கரணை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யார்க்‌ஷயரில் செய்யப்பட்டு 1883-ல் இங்கே வைக்கப்பட்ட குழல் ஆர்கன். ஸ்காட்லாந்துச் சபையில் பல தலைமுறைகளாக ஆராதனையில் இசைக்கருவியே கூடாது. சங்கீதங்களை வாயால் மட்டுமே பாடுவார்கள். 1860-களில் எடின்பரோவில் இதற்காகப் பெரிய சச்சரவே நடந்தது. அப்படிப்பட்ட சபையின் ஆலயத்தில் இவ்வளவு பெரிய ஆர்கன் இருப்பது, அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பதற்குச் சாட்சி.

இரண்டு போதகர்கள் திறந்த பள்ளி

இந்த ஆலயம் யாருக்காகக் கட்டப்பட்டது? கம்பெனியில் வேலை செய்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக. போதகரின் வேலை அவர்களுக்குப் பிரசங்கம் செய்வது, திருமணம் நடத்துவது, காய்ச்சலில் இறந்தவர்களை அடக்கம் செய்வது. ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த தமிழர்களும் தெலுங்கர்களும் அந்தப் பணிப் பட்டியலில் இல்லை. அப்படியே இருந்திருந்தால் கிர்க் இன்று ஒரு அழகான நினைவுச் சின்னமாக மட்டும் இருந்திருக்கும்.

1835-ல் இரண்டு போதகர்கள் பட்டியலைத் தாண்டினார்கள். ஜார்ஜ் ஜேம்ஸ் லாரி, மாத்யூ போவி. எழும்பூரில் உள்ளூர்ப் பையன்களுக்காகச் சிறிய பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆங்கிலம், கணக்கு, பூகோளம், கூடவே பைபிள். பள்ளியை வளர்க்கத் தனியாக ஒரு மிஷனரியை அனுப்பும்படி ஸ்காட்லாந்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

வந்தவர் ஜான் ஆண்டர்சன். 1837-ல் சென்னையில் கால் வைத்த அவர், அந்த ஆண்டு ஏப்ரலில் ஜார்ஜ் டவுனின் அர்மேனியன் தெருவில் பள்ளியை நடத்தத் தொடங்கினார். ஆரம்பத்தில் 59 மாணவர்கள். ஐரோப்பியர் வாழ்ந்த எழும்பூரை விட்டு, வணிகர்களும் துபாஷிகளும் நெருக்கமாக வாழ்ந்த கருப்பர் நகரத்துக்குப் பள்ளி இடம்பெயர்ந்தது.

சோதனை சீக்கிரமே வந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பிள்ளைகள் வகுப்பில் சேர்ந்திருப்பது தெரிந்ததும், மற்ற சாதிகளைச் சேர்ந்த பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். அவர்களை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் தனி பெஞ்சிலாவது உட்கார வைக்க வேண்டும் என்றார்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் ஒப்பவில்லை. ஏராளமான மாணவர்கள் பள்ளியை விட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் அதே பெஞ்சில் இருந்தார்கள். காலப்போக்கில், போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். நல்ல ஆங்கிலக் கல்வி வேறு எங்கே கிடைக்கும்?

அடுத்த புயல் 1841-ல். ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரே கொந்தளித்தது. சில நாட்களில் வகுப்பறைகள் ஏறக்குறைய காலியாகிவிட்டன. இதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்ப்பது சரியாக இருக்காது. படிக்க அனுப்பிய மகன் வேறு மதத்துக்குப் போய்விட்டான் என்று கேட்ட தாய்க்கு அது சாவுக்குச் சமம். அந்த இளைஞர்களுக்கோ வீடு, உறவு, சொத்து எல்லாம் ஒரே நாளில் போயின. மதம் மாறியவருக்குச் சொத்துரிமை பறிபோகாது என்ற சட்டம் 1850-ல்தான் வந்தது.

நகரத்துப் பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கட்டளைப் பணத்தைக் கொண்டு 1842-ல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. மதமாற்றத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த காஜுலு லட்சுமிநரசு செட்டி 1844-ல் 'கிரசன்ட்' பத்திரிகையையும், 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தையும் தொடங்கினார். தென்னிந்திய அரசியல் விழிப்புணர்வின் முதல் வித்துகளில் ஒன்று அந்தச் சங்கம். மிஷன் பள்ளியால் படித்தவர்கள் ஒரு பக்கம், மிஷன் பள்ளியை எதிர்க்கத் திரண்டதால் வளர்ந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு வழியிலும் நகரம் படித்தது.

எடின்பரோவில் விழுந்த விரிசல்

இதற்கு நடுவில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. 1843 மே 18 அன்று எடின்பரோவில் பொதுச் சபை கூடியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். அது நடந்த ஆலயத்தின் பெயரும் புனித அந்திரேயாதான்.

காரணம் ஒரே கேள்வி. ஒரு ஊர்ச் சபைக்குப் போதகரைத் தேர்ந்தெடுப்பது யார்? அந்த ஊர்ச் சபையாரா, நிலச்சுவான்தாரா? அரசாங்கமும் நீதிமன்றமும் நிலச்சுவான்தார் பக்கம் நின்றன. வெளியேறியவர்கள் சம்பளத்தையும் வீட்டையும் ஆலயத்தையும் விட்டுவிட்டு 'ஃப்ரீ சர்ச்' என்ற சுதந்திரச் சபையைத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகளும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் சுதந்திரச் சபை பக்கம் போனார்கள். கிர்க்கோ கம்பெனிச் சம்பளம் பெறும் போதகரைக் கொண்ட அதிகாரபூர்வச் சபையின் ஆலயமாகவே நின்றது. கிர்க்கின் போதகர்கள் பெற்ற பள்ளிக்கூடம், பத்து வயது ஆவதற்குள் தாய்வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டது.

வெளியே வளர்ந்தவை

போன இடத்தில் அது வளர்ந்த வளர்ச்சி சாதாரணமானதல்ல.

ஆண்டர்சன் 1855-ல் சென்னையிலேயே இறந்தார். 1862-ல் வில்லியம் மில்லர் என்ற 24 வயது இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் கையில் அந்தப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1877-ல் வேறு சபைகளும் கைகோக்க, அது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. மில்லரின் பார்வை ஆண்டர்சனுடையதிலிருந்து வேறுபட்டது. எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எண்ணுவது கல்லூரியின் வேலையல்ல, நல்ல சிந்தனையைச் சமூகத்தில் பரவவிட்டால் போதும் என்று அவர் கருதினார். இதனால் ஸ்காட்லாந்தில் அவரை விமர்சித்தவர்களும் உண்டு. சென்னையில் அவரை நேசிக்காதவர் குறைவு.

அந்தக் கல்லூரியின் தமிழ்த் துறையில்தான் பரிதிமாற் கலைஞர் பணியாற்றினார். விளாச்சேரியில் சூரியநாராயண சாஸ்திரியாகப் பிறந்து, 33 வயதில் மறைந்த அவர், தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று வாதாடியவர்களில் முன்னோடி. ஒரு நாள் மில்லர் டென்னிசனின் கவிதையில் வரும் ஓர் உவமையை வியந்து சொல்ல, அதற்கு இணையாகக் கம்பனில் இருக்கிறது என்று சூரியநாராயணர் எடுத்துக்காட்டியதாகவும், மில்லர் அதைக் கேட்டு அசந்துபோனதாகவும் தமிழ் ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததும் இங்கேதான். 1937-ல் கல்லூரி தாம்பரத்துக் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. எழும்பூரில் இரண்டு போதகர்கள் தொடங்கிய பள்ளியின் பேரக்குழந்தை அது.

வடசென்னையில் இன்னொரு கிளை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மருத்துவர் மட்டில்டா மக்ஃபெயில், ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காக 1888-ல் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். ராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையாக அது நிமிர்ந்தது. வடசென்னையில் 'ரெய்னி ஆஸ்பத்திரியில் பிறந்தவன்' என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு.

செங்கல்பட்டில் கிளைத்தது வேறு மாதிரி. அங்கே சுதந்திரச் சபை மிஷனரியாக இருந்த ஆடம் ஆண்ட்ரூ, நிலமற்ற தலித் குடும்பங்களின் நிலையை நேரில் கண்டார். தரிசு நிலம் கேட்டு மனுப் போடவே அவர்களால் முடியாத நிலை. மனுப் போட்டாலும் மிராசுதார்களுக்கே முன்னுரிமை. அவர்களுக்காக அவர் தொடர்ந்து எழுதினார், அதிகாரிகளிடம் வாதாடினார். அதே காலத்தில் மாவட்ட கலெக்டர் டிரமென்ஹீரும் இந்த மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். இதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்த அரசாணைதான் இன்றும் 'பஞ்சமி நிலம்' என்று நாம் பேசும் ஏற்பாட்டுக்கு அடிப்படை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் 'மெல்ரோசாபுரம்' என்று ஒரு ஊர் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற ஊர்ப் பெயரும் நம் 'புரமும்' சேர்ந்த பெயர் அது. அதன் பின்னாலும் இருப்பவர் ஆண்ட்ரூதான்.

பேராயரும் மாடரேட்டரும்

ஸ்காட்லாந்தில் பிரிந்த சபைகள் 1929-ல் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. இந்தியாவில் நடந்த ஒற்றுமை இன்னும் பெரியது. 1908-லேயே பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையை உருவாக்கியிருந்தார்கள். நாடு விடுதலையடைந்து ஆறு வாரங்கள் கடந்த நிலையில், 1947 செப்டம்பர் 27 அன்று, செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிகன்கள், மெதடிஸ்டுகள், ஐக்கிய சபையார் மூவரும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர்கள் உள்ள சபையும் இல்லாத சபையும் இப்படி ஒன்றானதை உலகமே வியந்து பார்த்தது.

கிர்க்கும் பிற்பாடு அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. இன்று அது சென்னைப் பேராயத்தின் ஓர் ஆலயம். பேராயரே கூடாது என்று நூற்றாண்டுகள் வாதாடியவர்கள் கட்டிய ஆலயத்துக்கு இன்று பேராயர் உண்டு. மறுபக்கம், தென்னிந்தியத் திருச்சபையின் தலைமைப் பேராயருக்கு ஆங்கிலத்தில் 'மாடரேட்டர்' என்று பட்டம். அது ஸ்காட்லாந்துச் சபையின் சொல். கோபுர உயரத்தில் போட்டி போட்டவர்கள் கடைசியில் ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள்.

இன்றைய கிர்க்

ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். சுவர்களில் பதித்த நினைவுக் கற்களில் அவர்களின் பெயர்கள் இருக்கின்றன. காய்ச்சலில் போனவர்கள், போரில் போனவர்கள், கடலில் போனவர்கள். பெஞ்சுகளில் இன்று உட்காருபவர்கள் நம் ஊர்க்காரர்கள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகத் திருமணங்கள் நடக்கின்றன. கிறிஸ்துமஸ் காலத்தில் நட்சத்திரக் குவிமாடத்துக்குக் கீழே பாட்டு எழும்புகிறது.

இப்படிப்பட்ட கட்டடத்தைக் காப்பது எளிதல்ல. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். விரிசல் கண்டதும் அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பழைய செங்கல்லை அரித்துவிடும். அதனால் இங்கே ஒரு சின்ன ரிப்பேருக்கும் பழைய முறை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டும். பறவைகள் கொண்டுவந்து போடும் ஓர் அரச விதை, கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் கோபுரத்தையே பிளந்துவிடும். சபையார் விழிப்போடு இருந்தால்தான் ஆலயம் நிற்கும்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: எழும்பூர் ரயில் நிலையத்தின் பூந்தமல்லி நெடுஞ்சாலை வாசலிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்த்து, மற்ற நேரத்தில் அங்குள்ள பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு உள்ளே போகலாம். வட்டக் கூடத்தின் நடுவில் சிறிது நேரம் நின்று அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால், நட்சத்திரங்களைக் காட்டிவிட்டு, காலுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிணறுகள் இருப்பதையும் சொல்லுங்கள். அதை இறக்கியவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை ரயில் எழும்பூரை நெருங்கும்போது, பையை இறக்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஜன்னல் வழியே தேடிப் பாருங்கள். அந்த வெள்ளைக் கோபுரம் அங்கேதான் நிற்கிறது.